டியூப் வாங்குவதற்கு முன்: பழைய செயின்சாவில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2016 வர்தா புயலில் சாய்ந்த மரத்தை அறுக்க அப்பா வாங்கிய சீன 58 சிசி செயின்சா. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு திருவொற்றியூர் வீட்டு ஷெட்டில் பெட்ரோலோடு அப்படியே கிடந்தது. இப்போது திறந்தால் டேங்குக்குள் இருந்த டியூப் பிசுபிசுத்து உதிர்கிறது. கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையில் வாங்கிய மீன் தொட்டி டியூபைப் போட்டீர்கள், அது சில வாரத்திலேயே விறைத்துப் போனது. மெஷின் சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, ரேஸ் கொடுத்தால் அணைகிறது. எந்த டியூப் வாங்குவது, ஆன்லைனில் வரும் பிஸ்டன், சிலிண்டர், கார்ப்பரேட்டர் எல்லாம் சேர்ந்த கிட்டை வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். டியூப் என்று ஆரம்பித்தாலும், எதற்குச் செலவழித்தால் இந்த மெஷினை மறுபடி நம்பி ஓட்டலாம், எதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

ராயபுரத்தில் சின்ன இன்ஜின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். செயின்சா, புல் வெட்டும் மெஷின், மருந்து தெளிக்கும் பவர் ஸ்ப்ரேயர், இடையிடையே காசிமேட்டிலிருந்து வரும் அவுட்போர்டு மோட்டார். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். காற்று புகுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் அபூர்வம். கசிவு தரையில் தெரியும், மூக்கிலும் ஏறும். புகும் காற்று பிஸ்டனில் கீறல் விழுந்த பிறகுதான் தெரியும். உங்கள் மெஷினுக்கு வாங்கப்போகும் ஒவ்வொரு பாகத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: இதன் வழியாகக் காற்று புகுமா?

பைக்கில் டேங்க் மேலே இருக்கிறது, பெட்ரோல் தானாக இறங்குகிறது. அங்கே டியூபில் சின்ன விரிசல் இருந்தால் சொட்டும், அவ்வளவுதான். செயின்சாவில் கார்ப்பரேட்டருக்குள்ளேயே மெல்லிய சவ்வால், அதாவது டயாபிரமால், வேலை செய்யும் பம்ப் ஒன்று இருக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் மாறி மாறி வரும் அழுத்தமும் இழுப்பும் அதை ஆட்டுகிறது, அது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. ஆக, டியூப் முழுக்க உறிஞ்சும் பக்கத்தில்தான் இருக்கிறது. விரிசல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பார்த்தால் இது புரியும்: ஒரு சொட்டும் வெளியே ஒழுகாது, வாய்க்கு மட்டும் காற்று வரும். மெஷின் நிற்கும்போது சொட்டாத டியூப் ஓடும்போது காற்றை இழுக்கலாம். அப்போது கலவையில் பெட்ரோல் குறைகிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது என்று அர்த்தம். சூடு ஏறும் அதே நேரத்தில் வழுவழுப்பும் போகிறது. பிஸ்டன் பிடித்துக்கொள்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சரி, டியூபுக்கு வருவோம். மீன் தொட்டி டியூப் பிவிசி. அதை வளைய வைப்பது அதற்குள் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பொருள். பெட்ரோல் அதைக் கரைத்து எடுத்துவிடும். அப்புறம் டியூப் விறைத்து, சற்றே சுருங்கி, கார்ப்பரேட்டர் மூக்கில், அதாவது டியூப் மாட்டும் குழல்முனையில், பிடி தளரும். உங்களுக்கு நடந்தது இதுதான், இதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போது ரேஸில் அணைவதற்கும் முதல் சந்தேகம் அந்த டியூப் மேல்தான். கரைந்து போன பொருள் கார்ப்பரேட்டர் வழியாகத்தான் போயிருக்கும் என்பதால், புது டியூப் போடும்போது கார்ப்பரேட்டரையும் ஒரு முறை திறந்து கழுவியே ஆக வேண்டும்.

சிலிகான் டியூப் பார்க்க மெத்தென்று நன்றாக இருக்கும், வேண்டவே வேண்டாம். பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். தொழிற்சாலைகளில் காற்று ஓட்டத்துக்குப் போடும் நீல பியூ (பாலியூரித்தேன்) டியூபை ஒரு பக்கத்தை இளக்கி மாட்டித் தருகிறார்கள். அது பெட்ரோலில் கரையாது என்பது ஓரளவு உண்மை. ஆனால் அது விறைப்பானது, மூக்கில் ரப்பர் போலக் கவ்வாது, டேங்குக்குள் ஃபில்டரை எல்லாப் பக்கமும் சாய விடாது. பாலியூரித்தேனில் எஸ்டர் வகை ஈரத்திலேயே சிதையும். கடையில் தொங்கும் சுருளைப் பார்த்து அது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. பைக் பெட்ரோல் டியூப் நல்ல ரப்பராகவே இருந்தாலும் உள்விட்டம் பெரியது. செயின்சாவின் மூக்கில் கிளிப் போட்டு இறுக்கினாலும் சுருக்கம் விழுந்து அந்த மடிப்பு வழியாகக் காற்று போகும். காசிமேட்டில் கிடைக்கும் அவுட்போர்டு ஹோஸும் அப்படித்தான். பொருள் நல்லது, அளவு பொருந்தாது.

பொருந்துவது மூன்று. நைட்ரைல் ரப்பர், அதாவது கடைக்காரர் என்பிஆர் என்று சொல்லும் கறுப்பு டியூப், பெட்ரோலுக்காகவே ஆனது. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் உப்பும், வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு மேல்தோல் வெடிக்கும். அதைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற சாமானாக நினைத்துப் போட்டால் தொல்லை இல்லை. இரண்டாவது டைகான் என்ற பெயரில் வரும் மஞ்சள் கண்ணாடி டியூப். உள்ளே பெட்ரோல் வருகிறதா, குமிழி ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்கலாம் என்பது இதில் பெரிய வசதி, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். ஆனால் மஞ்சளாக இருப்பதெல்லாம் டைகான் இல்லை. அசலில் டியூபின் நீளத்துக்குப் பெயரும் எண்ணும் அச்சிட்டிருக்கும். எழுத்தே இல்லாத மஞ்சள் டியூப் பெரும்பாலும் சாயம் போட்ட பிவிசி. மூன்றாவது விட்டான் எனப்படும் ஃபுளோரோ ரப்பர். எத்தனாலைத் தாங்குவதில் இதுதான் முதல். விலை அதிகம், கொஞ்சம் விறைப்பு, சின்ன அளவில் தேடிப் பிடிக்க வேண்டும். ரப்பர் கடையில் ‘விட்டான்தான் சார்’ என்று வாயால் சொல்வதை நம்புவதைவிட, ஹோஸ் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 போன்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்9 என்றால் உள்பக்கம் ஃபுளோரோ ரப்பர். ஆர்6, ஆர்7 என்று இருந்தால் சாதாரண பெட்ரோல் ஹோஸ் தரம். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழுப்பு விட்டான், கறுப்பு நைட்ரைல் என்பது பழக்கம்தான், விதி இல்லை.

எத்தனாலைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், அப்பா இதை வாங்கிய காலத்துப் பெட்ரோல் வேறு, இன்றைய பெட்ரோல் வேறு. 2022 ஜூனில் நாடு சராசரியாக 10 சதவீதக் கலப்பை எட்டியது, 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 அறிமுகமானது, 2025-இல் அதுவே பொதுவாகிவிட்டது. மணலியில் சுத்திகரித்து நம் பக்கத்து பெட்ரோல் பங்க்குக்கு வந்தாலும் கலப்பு கலப்புதான். செயின்சா நிறுவனமான ஹஸ்க்வர்னா தன் கையேடுகளில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்கிறது. இன்னொரு செயின்சா நிறுவனமான ஸ்டில்லும் கையால் டியூன் செய்யும் கார்ப்பரேட்டர்களுக்கு அதையேதான் சொல்கிறது. 2016-இல் வந்த மலிவு சீன மெஷினின் ரப்பரை 20 சதவீதத்தை நினைத்துச் செய்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. டியூப் உதிர்ந்ததற்கு எத்தனால்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் பழைய பெட்ரோல் நின்றாலே பிசினாகி ரப்பரைக் கெடுக்கும். இரண்டும் சேர்ந்து செய்த வேலை என்பதுதான் என் ஊகம்.

அளவுக்கு வருவோம். கடையில் போய் ‘செயின்சா டியூப் ஒரு அடி’ என்று கேட்காதீர்கள். மூன்று அளவு வேண்டும்: கார்ப்பரேட்டர் மூக்கின் வெளிவிட்டம், டேங்க் சுவரில் உள்ள துளையின் விட்டம், டேங்குக்குள் ஃபில்டர் மூக்கின் விட்டம். வெர்னியர் இல்லையென்றால் டிரில் பிட்டின் பின்பக்கத்தைத் துளையில் நுழைத்துப் பார்த்தாலே போதும். உள்விட்டம் 2.5-க்கு வெளிவிட்டம் 5, அல்லது 3-க்கு 5, 3-க்கு 6 என்று மில்லிமீட்டரில் பல அளவுகள் வருகின்றன. உள்விட்டம் மூக்கைவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். டேங்க் துளையில் நேராக நுழையும் டியூப் என்றால் வெளிவிட்டம் துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் அடைத்து நிற்கும். உங்கள் மெஷினில் அனேகமாக நேர் டியூப் இருக்காது. சீன 45, 52, 58 மாடல்களில் பெரும்பாலும் தொப்பி போன்ற ரப்பர் வளையத்தோடு வார்த்த டியூப்தான் வரும். ஸ்டில்லின் எம்எஸ் 180 போன்றவற்றிலும் வார்த்ததுதான். இப்படி வார்த்த டியூபுக்குப் பதில் மீட்டர் கணக்கில் விற்கும் டியூபைப் போட்டு, துளையைச் சுற்றி எம்-சீல் அப்பி வருகிறவர்களைப் பார்க்கிறேன். பெட்ரோலும் அதிர்வும் சேர்ந்து எம்-சீலை விட வைக்கும். வார்த்த டியூப் வேண்டிய இடத்தில் வார்த்த டியூபையே வாங்குங்கள்.

எங்கே வாங்குவது? ஸ்டில், ஹஸ்க்வர்னா என்றால் அந்தந்த டீலரிடம் பாக எண் சொல்லி அசலை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். உங்கள் மெஷினுக்கு அசல் என்று ஒன்று கிடையாது. பெயர்தான் பலது, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜப்பானின் ஸெனோவா வடிவத்தைப் பார்த்துச் செய்தது. அதனால் பெயரைச் சொல்லிக் கேட்டால் குழப்பம்தான். பழைய டியூப், ஃபில்டர், கேஸ்கெட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு மண்ணடி, லிங்கிச் செட்டித் தெரு, பிராட்வே பக்கம் பம்ப், ஸ்ப்ரேயர் உதிரிபாகம் விற்கிற கடைகளில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை அதன் மேல் உள்ள மூன்று எண்களைச் சொல்லி பேரிங் கடையில் கேட்கலாம். ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கையில் பிடித்து நசுக்கிப் பார்க்க முடியாது என்பதுதான் குறை.

டியூப் மாட்டும்போது முனையை நீளமாகச் சாய்த்து வெட்டி, அந்தக் கூர்முனையைத் துளை வழியாக விட்டு, உள்ளேயிருந்து மெதுவாக இழுங்கள். வழுக்க டூ-டி ஆயில் ஒரு சொட்டு போதும். கிரீஸ், சோப்பு வேண்டாம். மாட்டியபின் சாய்த்த முனையை நேராக வெட்டிவிட்டு ஃபில்டரைச் செருகுங்கள். நீளம் முக்கியம். மெஷினை எப்படிச் சாய்த்தாலும் ஃபில்டர் தன் எடையில் டேங்கின் அடிமூலைக்குப் போய் விழ வேண்டும். நீளம் கூடிவிட்டால் மடிந்து அடைத்துக்கொள்ளும். ஃபில்டரைப் புதிதாகவே போடுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவதும், வழியில் பைக் ஃபில்டரைச் செருகுவதும் இரண்டுமே தப்பு.

டியூபைவிட அதிகம் மறக்கப்படுவது டேங்கின் காற்றுத் துளை, வென்ட். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும், வெளியே பெட்ரோல் வரக்கூடாது. அதற்குத்தான் அந்தச் சின்ன ஒருவழி வால்வு. அது அடைத்தால் மெஷின் நன்றாகவே ஸ்டார்ட் ஆகி, சில நிமிடம் அறுத்து, பிறகு இழுவை குறைந்து நிற்கும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று சத்தம் வரும், மறுபடி ஓடும். உங்கள் மெஷின் உடனேயே அணைகிறது என்பதால் இது முதல் காரணமாக இருக்காது. ஆனாலும் வெள்ளச் சேறு உலர்ந்து அடைத்திருக்க வாய்ப்பு உண்டு, கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள்.

அடுத்து, கிராங்க் அறையிலிருந்து கார்ப்பரேட்டர் பம்புக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் வழி. சில மெஷின்களில் இதற்குத் தனி டியூப் உண்டு. அதில் மெத்தென்ற பெட்ரோல் டியூபைப் போட்டால் துடிப்பை டியூபே விழுங்கிவிடும். தடித்த சுவருள்ள ரப்பர்தான் வேண்டும். உங்கள் வகையில் பெரும்பாலும் தனி டியூப் இல்லை, சிலிண்டருக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் உள்ள பிளாஸ்டிக் கட்டையிலும் கேஸ்கெட்டிலும் ஒரு சின்னத் துளையாகவே இருக்கும். கேஸ்கெட்டைத் திருப்பி மாட்டினால் அந்தத் துளை மூடிக்கொள்ளும். எல்லாம் புதிதாகப் போட்டும் பெட்ரோலே வரவில்லை என்று வருகிற சீன மெஷின்களில் நான் முதலில் பார்ப்பது இந்தத் துளையைத்தான். கழற்றுமுன் ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ரப்பர் பூட் உள்ள மாடலானால் அதை விரலால் வளைத்து மடிப்புகளுக்குள் பாருங்கள். மேலே பார்த்தால் தெரியாத விரிசல் வளைத்தால் வாய் திறக்கும்.

கார்ப்பரேட்டருக்கு இரண்டு விதமான கிட் கிடைக்கிறது. ஒன்றில் டயாபிரமும் கேஸ்கெட்டும் மட்டும். இன்னொன்றில் நீடில் (பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி), லீவர், ஸ்பிரிங், வலை எல்லாம் சேர்ந்து வரும். கார்ப்பரேட்டர் தயாரிக்கும் நிறுவனங்களில் வால்ப்ரோவில் முதலாவது டி என்ற எழுத்திலும் இரண்டாவது கே என்ற எழுத்திலும் தொடங்கும்; ஸாமாவில் முதலாவது ஜிஎன்டி, இரண்டாவது ஆர்பி. எந்தக் கிட் என்பதை மெஷினின் பெயர் சொல்லாது, கார்ப்பரேட்டர் உடலில் குத்தியிருக்கும் எண்தான் சொல்லும். உப்புக்காற்றில் ஷெட்டில் கிடந்த மெஷின் என்பதால் உங்களுக்கு முழுக் கிட்டைச் சொல்வேன்; நம் பக்கத்தில் அந்தச் சின்ன ஸ்பிரிங்கும் நீடிலும் துருப்பிடித்தே இருக்கும். பழைய டயாபிரமை எடுத்து விரலில் ஆட்டிப் பாருங்கள், சலசலவென்று காகிதச் சத்தம் வந்தால் அது செத்துவிட்டது. மாட்டும் வரிசை பெரும்பாலான மாடல்களில் இப்படி: நீடில் இருக்கும் பக்கத்தில் முதலில் கேஸ்கெட், அதன்மேல் டயாபிரம், பம்ப் பக்கத்தில் முதலில் டயாபிரம், அதன்மேல் கேஸ்கெட். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டாதீர்கள். லீவரின் உயரம் மாடலுக்கு மாடல் மாறும், பழையது இருந்த உயரத்தைக் குறித்துக்கொண்டு அதையே வையுங்கள். துளைகளுக்குள் கம்பி விட்டுக் குத்த வேண்டாம். கார்ப்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். சீன மெஷினுக்கு முழுக் கார்ப்பரேட்டரே கிட்டை ஒட்டிய விலையில் கிடைக்கும் என்பதால், உள்ளே வெள்ளைப் பூப்பாக அலுமினியம் அரித்திருந்தால் கிட்டுக்குப் பதில் அதையே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் ரப்பர் பக்கம். இதில் சிக்கனம் பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வேன். உலோகப் பக்கத்தில் என் ஆலோசனை நேர்மாறு: சோதிக்காமல் எதையும் வாங்காதீர்கள். சோக்கில் ஸ்டார்ட் ஆகிறது என்பதே கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் வலு, ஓரளவு இருக்கிறது என்பதற்கு அடையாளம். சைலன்சரைக் கழற்றி, அந்த வாய் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறத்துச் செங்குத்துக் கீறல் எதுவும் இல்லாமல், ரிங் விரலால் அழுத்தினால் துள்ளினால், பிஸ்டனைத் தொடவே வேண்டாம். ஸ்டார்ட் கயிற்றின் கைப்பிடியில் மெஷினைத் தொங்கவிட்டால் அது விட்டு விட்டு மெதுவாக இறங்க வேண்டும். சர்ரென்று இறங்கினால் கம்ப்ரஷன் போய்விட்டது. கம்ப்ரஷன் கேஜ் இருந்தால், 120 பிஎஸ்ஐக்கு மேல் என்றால் நல்ல நிலை. 100-க்குக் கீழே என்றால் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

அப்படித் திறக்க நேர்ந்தால், சிலிண்டர் சுவரில் ஒட்டியிருப்பது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியமா, சுவரின் முலாமே பெயர்ந்துவிட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒட்டியதை எடுத்துவிடலாம், நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டினால் முலாம் போய்விட்டது, சிலிண்டரை மாற்றியே ஆக வேண்டும். சிலிண்டர் கிட் வாங்கும்போது மெஷின் மேல் ஒட்டியிருக்கும் 58 சிசி ஸ்டிக்கரை நம்பாதீர்கள். 45, 52, 58 மூன்றும் வெளியே ஒன்று போலவே இருக்கும், ஸ்டிக்கர் பொய் சொல்லும். பிஸ்டன் விட்டத்தை வெர்னியரில் அளந்து அந்த மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள். பிஸ்டன் பின்னின் சர்க்லிப் மட்டும் எப்போதும் புதிது. கழற்றியதைத் திருப்பிப் போடக் கூடாது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம் எல்லாவற்றையும் மாற்றிவிடும்: வெள்ளத்தில் மெஷின் மூழ்கியதா, பரண் மேல் இருந்ததா? மூழ்கியிருந்தால் கிராங்க் பேரிங்கில் துருப்புள்ளி விழுந்திருக்கலாம். அந்த டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது; அதில் ஊறியிருந்தால் வெளிரப்பர்களும் உப்பியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுகிற உணர்வு வந்தால் ரப்பர் வேலையைத் தொடங்குமுன் பேரிங்கைப் பற்றி யோசியுங்கள். ஃபிளைவீல் காந்தத்தில் துரு இருந்தால் நைஸ் எமெரி தாளால் தேய்த்துவிட்டு, காயிலுக்கும் அதற்கும் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள், ஒரு விசிட்டிங் கார்டு கனம்.

இனி காற்றைப் பிடிக்கும் சோதனை. இதற்கென்று விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வீட்டில் பழைய பிபி கருவி இருந்தால் அதன் பந்தும் டயலும் போதும். 300 வரை ஏற்றினால் சுமார் 0.4 பார் அழுத்தம். முதலில் டியூபை மட்டும்: ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் பந்தை இணைத்து, தண்ணீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்தி ஏற்றுங்கள், குமிழி வந்த இடம்தான் ஓட்டை. அடுத்து கார்ப்பரேட்டரின் பெட்ரோல் மூக்கில் இணைத்து ஏற்றுங்கள். முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் நீடில் அடைக்கவில்லை. கடைசியாக கிராங்க் அறை: சைலன்சர் வாயையும் கார்ப்பரேட்டர் வாயையும் டயர் டியூப் ரப்பர் வைத்து மூடி இறுக்கி, பிளக் துளை வழியாக ஏற்றுங்கள். கிளட்ச் பின்னாலும் ஃபிளைவீல் பின்னாலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் ஆயில் சீல் விடுகிறதா என்று தெரியும். இதில் ஒரு குறை உண்டு. சீலின் உதடு உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் இன்னும் இறுக்கமாகப் படிந்து நல்லதுபோல் காட்டும். உள்ளே இழுக்கும்போதுதான் விடும். அதனால் அழுத்தத்தில் தேறினாலும், பிரேக் பிளீட் செய்யும் கை வாக்குவம் பம்ப் உள்ள பட்டறையில் 0.5 பார் இழுப்பில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எந்த சீல் போயிருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது, இந்தச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

பெட்ரோல், ஆயில். அவுட்போர்டுக்குப் போடும் டிசி-டபிள்யூ3 ஆயில் காசிமேட்டில் எளிதாகக் கிடைக்கிறது என்று செயின்சாவில் ஊற்றாதீர்கள். அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது. செயின்சா காற்றில் குளிர்வது, சூடு அதிகம். ஜேஏஎஸ்ஓ எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக்குறி டப்பாவில் இருக்க வேண்டும். சீன மெஷினுக்கு லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25-க்கு 1 கலந்தால் கொஞ்சம் புகையும், பரவாயில்லை. நல்ல ஆயிலாக இருந்து கையேடும் 50-க்கு 1 என்று சொன்னால் 20 மில்லி. கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், உங்கள் ஃபில்டரோ அடியில்தான் படுத்திருக்கிறது. கடற்கரை ஓரத்து ஈரக்காற்றில் இது வெறும் பாடப்புத்தகச் சமாசாரம் இல்லை, டேங்கைச் சாய்த்து வடித்தால் கண்ணாடிக் குவளையில் இரண்டு அடுக்காக நிற்பதைப் பார்க்கலாம்.

எல்லாம் மாட்டியபின் டியூனிங். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று போதும், எத்தனாலுக்கு 9 கிலோ. அதனால் இ20-இல் அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் எரிபொருள் வேண்டும். பழைய செட்டிங்கில் விட்டால் மெஷின் பெட்ரோல் பற்றாமல்தான் ஓடும். கார்ப்பரேட்டரில் முழு ரேஸுக்கான எச், குறைந்த வேகத்துக்கான எல் என்ற இரண்டு ஸ்குருவையும் மெதுவாக இருக்கையைத் தொடும்வரை மூடி, பிறகு ஒவ்வொரு சுற்று திறந்து ஆரம்பியுங்கள். இன்ஜின் சூடானபின் எல்-ஐச் சரிசெய்து, ரேஸ் தயங்காமல் ஏறுகிறதா என்று பாருங்கள். எச்-ஐப் பொறுத்தவரை, மரம் தொடாமல் முழு ரேஸில் சத்தம் கொஞ்சம் உடைந்து உடைந்து வர வேண்டும். பட்டையில் இறங்கியதும் அது ஒரே சீராக மாற வேண்டும். வெறும் காற்றிலேயே விசில் போல் கீச்சென்று ஏறினால் உடனே எச்-ஐக் கால் சுற்று திறங்கள். ரேஸை விட்டபின் வேகம் சட்டென்று இறங்காமல் மேலேயே தொங்கி நின்றால் ஸ்குருவைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள், எங்கோ இன்னும் காற்று புகுகிறது; அணைத்துவிட்டு பிபி பந்தை மறுபடி எடுங்கள். இந்த வேலையெல்லாம் வெட்டவெளியில், செயின் பிரேக் போட்டு, வடித்த பெட்ரோலைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

முழுக் கிட்டைப் பற்றிக் கேட்டதற்குப் பதில்: வேண்டாம், இப்போதைக்கு. வார்த்த டியூப், ஃபில்டர், வென்ட், கார்ப்பரேட்டர் கிட், நடுக் கேஸ்கெட்டுகள், புது பிளக், இதோடு நிறுத்துங்கள். சோதனையில் சீல் விட்டால் இரண்டு சீலையும் சேர்த்து மாற்றுங்கள். பேரிங் அரைக்கிறது, சிலிண்டர் முலாமும் போய்விட்டது என்று இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் சீன 58-இல் மேற்கொண்டு செலவழிக்க வேண்டாம். கிராங்க்கைப் பிரித்துக் கோக்கும் கூலியே மெஷின் விலையைத் தொட்டுவிடும். அப்போது நல்ல நிலையில் உள்ள பார், செயின், ஸ்டார்ட்டர், காயில் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அதே வடிவ மெஷின் அடுத்து வாங்கினால் அப்படியே பொருந்தும்.